எம்.காம். ப்ராஜெக்ட்: இறால் ஏற்றுமதி கம்பெனியின் பங்கை மதிப்பிடுவது – சந்தேகங்கள்

உச்சிப்புளி_எம்காம்

வணக்கம். செக்யூரிட்டி அனாலிசிஸ் பேப்பருக்கு ப்ராஜெக்ட் செய்கிறேன். பட்டியலிடப்பட்ட இறால் ஏற்றுமதி கம்பெனி ஒன்றை எடுத்திருக்கிறேன். ஐந்து வருட அனுவல் ரிப்போர்ட்டும் பி.எஸ்.இ. தளத்திலிருந்து இறக்கியாச்சு. கைடு கேட்பது மூன்று: நிதிநிலை அலசல், பீட்டா (சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு), ஒரு பங்கின் உள்ளார்ந்த மதிப்பு.

கேள்விகள் இவைதான். அனுவல் ரிப்போர்ட்டில் எங்கிருந்து தொடங்குவது? பீட்டாவுக்கு எத்தனை நாள் விலை வேண்டும்? டி.சி.எஃப். (வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது) போடுவதா, பி.இ. விகிதம் (பங்கு விலை ÷ ஒரு பங்குக்கான லாபம்) போதுமா? ஜூன் காலாண்டில் விற்பனை குறைந்திருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மண்டபம்_மீன்கணக்கு

கடைசிக் கேள்வி முதலில், ஏனென்றால் அதை இப்படியே விட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு. அது கடலில் பிடிக்கும் மீனுக்கும் இறாலுக்கும். பங்குச்சந்தையில் இருக்கும் இறால் ஏற்றுமதி கம்பெனிகளின் மூலப்பொருள் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வனாமி வகை இறால். அதிகம் வருவது ஆந்திராவிலிருந்து. பாம்பனில் படகு கட்டிக் கிடக்கிறது என்பதற்காக அந்தத் தொழிற்சாலையில் வேலை நிற்காது.

வனாமி வளர்ப்புக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 100 முதல் 120 நாள். எந்த மாதம் குஞ்சு விட்டார்கள், வெள்ளைப்புள்ளி நோய் வந்து முன்கூட்டியே அறுவடை செய்தார்களா, அமெரிக்க இறக்குமதியாளர் கையில் சரக்கு தேங்கியிருக்கிறதா, இவைதான் காலாண்டை ஆட்டும். முன்கூட்டிப் பிடித்தால் கவுண்ட் கூடும், அதாவது கிலோவுக்கு எண்ணிக்கை அதிகம், உருப்படி சிறிசு. 30 கவுண்டும் 60 கவுண்டும் ஒரே விலைக்குப் போகாது. டன் கணக்கு மாறாமல் விற்பனைத் தொகை குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இது.

இன்னொன்று, ஜூன் காலாண்டை மார்ச் காலாண்டோடு ஒப்பிடக் கூடாது. போன வருட ஜூன் காலாண்டோடு ஒப்பிடுங்கள். பருவத்தோடு ஓடும் தொழில் எல்லாவற்றுக்கும் இதே விதி.

விற்பனை உயர்வையும் உடைத்துக் காட்டுங்கள். 10% கூடியது என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. எடை 2%, டாலர் விலை 3%, டாலருக்கு ரூபாய் மதிப்பு இறங்கியதால் 4.7% என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 1.02 × 1.03 × 1.047, கிட்டத்தட்ட 1.10. அந்தப் பத்தில் கம்பெனியின் உழைப்பு எவ்வளவு, நாணய மாற்று எவ்வளவு என்று தெரிந்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50% வரை ஏற்றியதே, அந்தக் காலாண்டுகள் உங்கள் கணக்குக்குள் வந்தால் அவற்றைத் தனியாகவே விளக்க வேண்டும்.

தொண்டி_ஆடிட்

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: சேர்மன் உரையிலிருந்து வேண்டாம். கேஷ் ஃப்ளோ பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டுங்கள், ஐந்து வருட ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோவைக் கூட்டுங்கள். லாபம் 200 கோடி, கைக்கு வந்த பணம் 90 கோடி என்றால் மீதி எங்கே முடங்கியது என்று தேடுவதுதான் உங்கள் ப்ராஜெக்ட். பெரும்பாலும் சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் இருக்கும்.

அடுத்து நோட்ஸ். மதிப்பெண் வருவதும் ஏமாறுவதும் அங்கேதான்.

வரவேண்டிய பாக்கியின் வயது அட்டவணையைப் பாருங்கள். 2021 மார்ச்சில் கம்பெனிகள் சட்டத்தின் ஷெட்யூல் 3 திருத்தப்பட்ட பிறகு, ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு வருடம் என்று பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். ஏற்றுமதிக்காரருக்கு ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும் பாக்கி வளர்ந்துகொண்டே போனால் சரக்கு திருப்பி அனுப்பப்பட்டதா, விலைத் தகராறா என்று கேளுங்கள். அதே திருத்தத்தில் விகிதங்களின் பட்டியலும் வந்தது. எந்த விகிதமாவது 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் நிர்வாகம் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை அப்படியே காப்பி அடிக்காமல் எண்களோடு ஒத்துப்போகிறதா என்று சோதியுங்கள்.

பிரிவுவாரித் தகவல் நோட்டில், அதாவது இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரநிலை) 108-இல், மொத்த வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் இருந்தால் சொல்லியிருப்பார்கள். பெயர் இருக்காது, தொகை இருக்கும். இரண்டே இறக்குமதியாளர் பாதி வருவாயைத் தருகிறார்கள் என்றால் அது ரிஸ்க் பகுதியின் முதல் வரி.

ஏற்றுமதி ஊக்கத்தொகை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஏற்றுமதிப் பொருளில் ஏறிய வரிகளைத் திருப்பித் தரும் ரோடெப் திட்டம் 2021 ஜனவரியில் தொடங்கியது, அதற்கு முன் எம்.இ.ஐ.எஸ். என்ற ஊக்கத்திட்டம். பல கம்பெனிகள் இதை ‘இதர செயல்பாட்டு வருவாய்’ என்று விற்பனைக்குள்ளேயே காட்டும். அதைக் கழித்துவிட்டு எபிட்டா (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்திய லாபம்) மார்ஜின் போட்டுப் பார்த்தால் இறாலில் மட்டும் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று தெரியும்.

தொடர்புடைய தரப்பினர் நோட்டையும் விடாதீர்கள். குஞ்சுப் பொரிப்பகம், தீவனக் கம்பெனி, குளிர்பதனக் கிடங்கு எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று ரிப்போர்ட்டில் இருக்காது. ஆனால் மொத்தக் கொள்முதலில் எத்தனை சதவீதம் என்று நீங்களே கணக்கிடலாம்.

எடுக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துக் கட்டத்தில் ஆண்டு, பக்க எண், நோட் எண் மூன்றையும் எழுதுங்கள். இணையத் தளங்களில் ரெடிமேடாகக் கிடைக்கும் விகிதங்களை ஒத்துப்பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி_எம்காம்

மிக்க நன்றி அண்ணா, மண்டபம் அண்ணாவுக்கும். தடைக்காலப் பத்தியை எடுத்துவிட்டேன்.

டி.சி.எஃப். முயன்றேன். ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ 90 கோடி, மூலதனச் செலவு 30 கோடி, வட்டி 12 கோடி, வரி 25% என்று எளிமையாக்கிக்கொண்டேன். பாடத்தில் உள்ள சூத்திரம்: ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோவோடு வரி போக மீதி வட்டியைக் கூட்டி, மூலதனச் செலவைக் கழிக்க வேண்டும். 90 + 9 − 30, ஆக 69 கோடி. மூலதனச் செலவு விகிதம் (டபிள்யூ.ஏ.சி.சி., அதாவது தள்ளுபடி விகிதம்) 12%, வளர்ச்சி 5% என்று வைத்தால் கம்பெனி மதிப்பு 1,035 கோடி. நீண்டகாலக் கடன் 40 கோடி, கையிருப்பு 30 கோடி, பங்குகளின் எண்ணிக்கை 3 கோடி. சரியா?

தொண்டி_ஆடிட்

சூத்திரம் தப்பில்லை, ஆனால் அது வேறு நாட்டுக் கணக்குமுறைக்கு எழுதியது. அமெரிக்கக் கணக்குமுறையில் வட்டி, ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோவிலேயே கழிக்கப்பட்டிருக்கும். அதனால் திரும்பக் கூட்டுகிறார்கள். நம் இண்ட் ஏஎஸ் 7-இன்படி நிதி நிறுவனம் அல்லாத கம்பெனி செலுத்திய வட்டியை ஃபைனான்சிங் பகுதியில்தான் காட்ட வேண்டும். உங்கள் 90 கோடி வட்டிக்கு முந்திய தொகை. அதில் மறுபடி 9-ஐக் கூட்டினால் இரட்டைக் கணக்கு.

செய்ய வேண்டியது: 90-இலிருந்து 30-ஐக் கழியுங்கள். வட்டியால் மிச்சமான வரி 12-இல் 25%, அதாவது 3 கோடி, அதையும் கழியுங்கள். கடனின் வரிச் சலுகை ஏற்கெனவே மூலதனச் செலவு விகிதத்துக்குள் போய்விட்டதால் இங்கே இரண்டாம் முறை அனுபவிக்கக் கூடாது. கிடைப்பது 57 கோடி.

57 × 1.05 ÷ 0.07 (12%-இல் 5% போக மீதி) = 855 கோடி. உங்கள் 1,035-க்கும் இதற்கும் வித்தியாசம் 180 கோடி. கிளம்பிய இடம் 69-க்கும் 57-க்கும் நடுவில் உள்ள வெறும் 12 கோடி.

அடுத்தது கடன். நீண்டகாலக் கடனை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். ஏற்றுமதிக் கம்பெனி ஓடுவதே பேக்கிங் கிரெடிட்டில். கப்பலில் ஏற்றும் முன் வங்கி தரும் குறுகியகாலக் கடன் அது, நடப்புப் பொறுப்புகளில் இருக்கும். அது 140 கோடி என்றால் நிகரக் கடன் 140 + 40 − 30 = 150 கோடி. பங்குக்கு 855 − 150 = 705 ÷ 3, அதாவது 235 ரூபாய். பேக்கிங் கிரெடிட்டை விட்டால் 281 ரூபாய் சொச்சம் வரும். வங்கிக்குப் போக வேண்டிய பணத்தைப் பங்குதாரருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும்.

குத்தகைத் தவணையின் அசலும் இண்ட் ஏஎஸ் 116-க்குப் பிறகு ஃபைனான்சிங் பகுதிக்குப் போய்விட்டது. குளிர்பதனக் கிடங்கு வாடகைக்கு எடுத்திருந்தால் குத்தகைப் பொறுப்பையும் கடனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடி_பி25

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கமுதி சோலார் பூங்காவை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே இருப்பதால் நேரில் பார்த்து எழுதலாம். இதே சூத்திரம் பொருந்துமா?

ராம்நாடு_வகுப்பறை

பொருந்தாது தம்பி. காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

கமுதி ஆலை 648 மெகாவாட், 2016-இல் இயங்கத் தொடங்கியது. இருப்பது அதானி கிரீன் எனர்ஜி குழுமத்தின் கீழ். மின்சாரம் தமிழ்நாடு மின்வாரியத்துக்கு, யூனிட் 7.01 ரூபாய், 25 வருட ஒப்பந்தம். விலை கட்டிப்போட்டது. பணவீக்கம் ஏறினாலும் விலை ஏறாது. பேனலின் உற்பத்தியோ வருடா வருடம் கொஞ்சம் இறங்கும். ஆக 5% நிரந்தர வளர்ச்சி என்று போடவே இடமில்லை.

வித்தியாசத்தை எண்ணில் பாருங்கள். வருடம் 100 ரூபாய், தள்ளுபடி விகிதம் 10%. 25 வருட ஆண்டுத்தொகைக் காரணி 9.077, எனவே மதிப்பு 908 ரூபாய். அதே 100 ரூபாய்க்கு 5% நிரந்தர வளர்ச்சி சூத்திரம் போட்டால் 105 ÷ 0.05 = 2,100 ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேல்.

வருவாயை மதிப்பிடுவது சுலபம். 648 மெகாவாட் × 8,760 மணி × பயன்பாட்டு விகிதம். 18% என்று வைத்துக்கொண்டால் சுமார் 102 கோடி யூனிட், 7.01-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 716 கோடி ரூபாய். 18 என்பது கணக்குக்காக நான் எடுத்த எண். உண்மையான உற்பத்தியைக் கம்பெனி அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும். வாங்குபவர் ஒருவரே என்பதால் பாக்கி எத்தனை நாளில் வருகிறது என்பதுதான் அலசலின் மையம்.

ஒரு சிக்கல்: பங்கு வாங்கினால் கமுதியை மட்டும் வாங்க முடியாது, குழுமத்தின் எல்லா ஆலைகளும் சேர்ந்தே வரும். அதனால் ‘பங்கின் மதிப்பு’ என்று தலைப்பு வைக்காமல் ‘நிலையான விலை ஒப்பந்தமுள்ள ஒரு திட்டத்தின் நிகழ்கால மதிப்பு’ என்று வையுங்கள். மாணவர்கள் அதிகம் தொடாத தலைப்பு, துணிந்து செய்யுங்கள்.

உச்சிப்புளி மாணவிக்கு பீட்டா பற்றி. சிறிய கம்பெனி என்பதால் தினசரி விலை வேண்டாம். வியாபாரம் மெல்ல நடக்கும் பங்கில் சந்தையின் அசைவு ஒன்றிரண்டு நாள் தாமதமாகத்தான் விலைக்கு வரும், பீட்டா உண்மையைவிடக் குறைந்து காட்டும். இரண்டு வருட வாராந்திர விலை, வெள்ளி முதல் வெள்ளி, 104 வருமானங்கள் போதும். அல்லது 60 மாத வருமானங்கள். எது என்றாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

விலையை நேராக எக்செலின் ஸ்லோப் ஃபங்ஷனில் (பீட்டாவைக் கணக்கிடுவது) போடாதீர்கள். முதலில் சதவீத வருமானமாக மாற்ற வேண்டும். ஸ்லோப்பில் முதல் இடம் பங்கு, இரண்டாம் இடம் குறியீடு. மாற்றிப் போட்டாலும் எக்செல் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும், தப்பு என்று சொல்லாது. போனஸ், பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் சரிக்கட்டிய விலையை எடுங்கள். இல்லையென்றால் ஒரே வாரத்தில் மைனஸ் 50% வருமானம் ஒன்று உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் கெடுக்கும். எக்செலின் லின்எஸ்ட் ஃபங்ஷன் நியமப் பிழையையும் (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடலாம் என்ற அளவு) தரும். பீட்டா 0.9, பிழை 0.25 என்றால் உண்மையான பீட்டா 0.4-க்கும் 1.4-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம். அதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். 0.9 என்று மட்டும் எழுதி நிறுத்துவது நேர்மையாகாது.

கீழக்கரை_காக்கா

நல்ல இழை. ஆனால் ஒரு மறுப்பு. இறால் மாதிரி ஏறி இறங்கும் தொழிலுக்கு ஒரே வருடக் கேஷ் ஃப்ளோவை எடுத்து 5% வளர விடுவது எனக்கு ஏற்பில்லை. அந்த 57 கோடி நல்ல வருடத்துக் காசா, கெட்ட வருடத்துக் காசா? சரக்கைக் குறைத்துப் பாக்கியை வசூலித்த வருடம் என்றால் ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ வீங்கியிருக்கும், மறுவருடம் அது வராது. எபிட்டா மார்ஜின் ஐந்து வருடம் 6, 11, 9, 4, 8 என்று போயிருந்தால் சராசரி 7.6. அந்த மார்ஜினை இப்போதைய விற்பனைக்குப் போட்டு, நடைமுறை மூலதன மாற்றத்தையும் சராசரியாக்கி, பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

பி.இ.-யிலும் இதே கோளாறு. லாபம் உச்சத்தில் இருக்கும் வருடத்தில் பி.இ. தாழ்ந்து தெரியும், மலிவு என்று தோன்றும். அடுத்த வருடம் லாபம் பாதியானால் அதே விலைக்கு பி.இ. இரண்டு மடங்கு. இந்தத் தொழிலில் பி.இ. உயர்ந்து நிற்கும்போது வாங்குவதுதான் பல சமயம் சரியாக இருக்கும்.

தொண்டி_ஆடிட்

காக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஐந்து வருடச் சராசரியில் கொரோனா வருடம் விழுந்தால் அதை வைத்தும் நீக்கியும் இரண்டு முறை காட்டட்டும். நீக்கியதை மட்டும் காட்டினால் வசதியான வருடங்களைப் பொறுக்கியது போலாகும்.

பெரியபட்டினம்_மாணவி

காக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. வட்டி கலக்காத பங்குகளை வைத்து போர்ட்ஃபோலியோ ப்ராஜெக்ட் செய்யலாமா? எங்கள் ஊரில் நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

கீழக்கரை_காக்கா

தாராளமாகச் செய்யலாம்மா. என்.எஸ்.இ.-யில் நிஃப்டி 50 ஷரியா, நிஃப்டி 500 ஷரியா என்று குறியீடுகளே இருக்கின்றன. முதலில் தொழிலை வைத்து வடிகட்டுவார்கள்: வங்கி, மது, சூதாட்டம் போன்றவை வெளியே. பிறகு கடன், வட்டி வருமானம் முதலியவற்றுக்கு வரம்பு வைத்து வடிகட்டுவார்கள். குறியீட்டின் வழிமுறை ஆவணத்திலிருந்து வரம்புகளை எடுத்து, நீங்களே பத்துக் கம்பெனிக்குப் போட்டுப் பாருங்கள். நம் இறால் கம்பெனி பேக்கிங் கிரெடிட்டால் தேறாமல் போகவும் வாய்ப்புண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். வங்கிப் பங்குகள் போய்விட்டால் ஐ.டி., மருந்து, நுகர்பொருள் பக்கம் எடை சாயும். வருமான வித்தியாசம் வந்தால் அது வடிகட்டலாலா, துறை எடையாலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் டிவிடெண்ட் சேர்ந்த மொத்த வருமானக் குறியீட்டையே எடுங்கள்.

ராம்நாடு_வகுப்பறை

போர்ட்ஃபோலியோ பேச்சு வந்ததால், தேர்வில் திரும்பத் திரும்பத் தப்பாகும் கணக்கு ஒன்று. இரண்டு பங்கு, திட்ட விலக்கம் (வருமானம் சராசரியிலிருந்து விலகும் அளவு, அதாவது ரிஸ்க்) 20%, 30%. எடை 60, 40. ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற அளவு) 0.3. மாறுபாடு: 0.0144 + 0.0144 + 0.00864 = 0.03744, வர்க்கமூலம் 19.35%. எடையிட்ட சராசரி 24%. அந்த 24 வருவது கெழு 1 ஆக இருந்தால் மட்டும். மூன்றாவது உறுப்பில் இரண்டால் பெருக்க மறப்பவர்கள்தான் அதிகம். குறைந்த ரிஸ்க் எடை கேட்டால் முதல் பங்குக்கு 0.072 ÷ 0.094, அதாவது 76.6%. நூறு சதவீதமும் பாதுகாப்பான பங்கில் போடுவதைவிட இந்தக் கலவைக்கு ரிஸ்க் குறைவு, 18.67% தான். இதை ஒரு வரியில் விளக்கினால் திருத்துபவர் கண் நிற்கும்.

கடன்பத்திரக் கணக்குக்கு: 1,000 ரூபாய் முகமதிப்பு, 8% கூப்பன், 3 வருடம், சந்தை வட்டி 10%. விலை 950.26, மெக்காலே டியூரேஷன் (பணம் திரும்பி வரும் சராசரிக் காலம்) 2.78 வருடம், மாடிஃபைடு (வட்டி 1% மாறினால் விலை மாறும் சதவீதம்) 2.52. வட்டி 11% ஆனால் 2.52% குறையும் என்று கணிக்கிறோம். நேரடியாகப் போட்டால் விலை 926.69, குறைவது 2.48%. நடுவில் உள்ள அந்தச் சிறு வித்தியாசம்தான் கன்வெக்ஸிட்டி, அதாவது விலைக்கும் வட்டிக்கும் உள்ள தொடர்பின் வளைவு.

சாயல்குடி_பி25

என்.ஐ.எஸ்.எம். (செபியின் பயிற்சி நிறுவனம்) நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வு படிக்கும்போதே எழுதலாமா?

தொண்டி_ஆடிட்

எழுதலாம் தம்பி. 15-ஆம் வரிசைத் தேர்வு அது. 60% வேண்டும், தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் 25% கழிப்பார்கள், அதனால் தெரியாததை ஊகித்துக் குறிக்காதீர்கள். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். பாடநூலை அவர்கள் தளத்திலேயே தருகிறார்கள். ஆனால் சான்றிதழ் வாங்கியதாலேயே வாட்ஸ்அப் குழுவில் ‘வாங்கு, விற்று விடு’ என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்ல முடியாது. அதற்கு 2014 ஒழுங்குமுறைகளின்படி செபியில் தனியாகப் பதிவு வேண்டும். கல்லூரி ப்ராஜெக்டில் தடையில்லை.

உச்சிப்புளி_எம்காம்

எல்லாம் திருத்திவிட்டேன். மார்ஜின் சராசரி போட்ட பிறகும் கேஷ் ஃப்ளோ 57 கோடிக்குப் பக்கத்திலேயே வந்தது. மூலதனச் செலவு விகிதம் 11 முதல் 13%, வளர்ச்சி 4 முதல் 6% என்று அட்டவணை போட்டால் கம்பெனி மதிப்பு 659 கோடியிலிருந்து 1,208 கோடி வரை போகிறது. பங்குக்கு 170 முதல் 353 ரூபாய். இவ்வளவு பெரிய இடைவெளியைக் கைடு ஏற்பாரா?

ராம்நாடு_வகுப்பறை

ஏற்பார். சுருக்கிக் காட்டினால்தான் கேள்வி வரும். அட்டவணையின் இரண்டு ஓர மதிப்புகளும் நடக்க வாய்ப்புக் குறைவு என்பதையும் எழுதுங்கள்: பணவீக்கம் கூடினால் வளர்ச்சியும் தள்ளுபடி விகிதமும் சேர்ந்தேதான் ஏறும். 11-உம் 6-உம் ஒன்றாக வருவது அபூர்வம். 12-உம் 5-உம் நடு மதிப்பு 235 ரூபாய், அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். 5% வளர்ச்சி ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். நாட்டின் பெயரளவு ஜி.டி.பி. வளர்ச்சியைவிட எந்தக் கம்பெனியும் என்றென்றும் வேகமாக வளர முடியாது என்ற உச்சவரம்பையும், ஐந்து வருட எடை வளர்ச்சி எவ்வளவு என்ற எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

தொண்டி_ஆடிட்

எக்செல் ஷீட்டில் அனுமானங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில், நீல நிறத்தில் இருக்கட்டும். சூத்திரத்துக்குள் 0.12 என்று நேராகத் தட்டியிருந்தால் எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தோடு இணையுங்கள். வைவாவில் ‘தள்ளுபடி விகிதத்தை 13 ஆக்கிக் காட்டு’ என்றால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும்.

உச்சிப்புளி_எம்காம்

இரண்டு இடத்தில் நேராகத் தட்டியிருந்தேன் அண்ணா, இணைத்துவிட்டேன். 13, 5 போட்டால் கம்பெனி மதிப்பு 748 கோடி, பங்கு 199 ரூபாய். கையால் போட்டும் அதேதான் வருகிறது.